இறந்தகாலம் எடுத்த வேந்தர்

நுழையும்முன்

பாண்டியர் வரலாற்றைப் படிப்போர் அதனை மதுரையோடு முடித்துவிடுவது வழக்கம். ஆனால், மதுரையை இழந்த பின்னரும் அம்மரபினர் குற்றால மலைச்சாரலில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முடிசூடி ஆண்டனர், கோயில் எடுத்தனர், காப்பியம் பாடினர். நாடு சுருங்கிய பின்னும் ஓர் அரசமரபு எதனைப் பற்றிக்கொண்டு நிலைக்கிறது? தென்காசிக் கல்வெட்டுகளிலும், தொலைவில் நைல் நதிக்கரையிலும் இவ்வினாவுக்கு விடை உண்டு.

சாலை பிரியும் இடம்

மதுரையிலிருந்து வரும் நெடுஞ்சாலை இலத்தூர் விலக்கை அடைந்ததும் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து கொல்லத்துக்குச் செல்கிறது. மற்றொன்று தென்காசிக்குச் செல்கிறது. இன்று பேருந்து மாறுவோர் மட்டுமே கவனிக்கும் இப்பிரிவு, ஒரு காலத்தில் இரண்டு நாடுகள் முட்டிக்கொண்ட எல்லை. கணவாய்க்கு அப்பால் வேணாடு; இப்பால் பாண்டிநாடு. எல்லைக்கோடு நிலையாக நின்றதில்லை. செங்கோட்டை வட்டாரம் 1956-ஆம் ஆண்டு மொழிவழி மாநிலப் பிரிப்பின்போதுதான் தமிழ்நாட்டோடு இணைந்தது என்பதை நினைவில் கொண்டால், அறுநூறு ஆண்டுகளுக்கு முன் இம்மண் எத்துணைப் பூசலுக்கு உரியதாக இருந்திருக்கும் என்பது விளங்கும்.

இந்த விளிம்புக்குத்தான் பாண்டியர் வந்து சேர்ந்தனர். மாறவர்மன் குலசேகரனுக்குப் பின் அவன் மைந்தர் சுந்தரனும் வீரனும் அரியணைக்காகப் போரிட்டனர். அப்பூசலுக்கிடையே 1311-இல் மாலிக் காபூரின் படை மதுரையை அடைந்தது. சில ஆண்டுகளில் மதுரையில் சுல்தான்களின் ஆட்சி தோன்றியது. விசயநகர இளவரசன் குமார கம்பணன் அவ்வாட்சியை வீழ்த்தினான். எனினும் மதுரை பாண்டியர் கைக்கு மீளவில்லை. வைகைக்கரையை இழந்தோர் பொருநையும் சிற்றாறும் பாயும் தென்பகுதியில் ஒதுங்கினர். பாடநூல்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் பாண்டியருக்கு விடைகொடுத்துவிடுகின்றன. அது சற்று அவசரமான விடைகொடுப்பு.

பழம்பெயர் சூடிய அரசன்

தென்காசிப் பாண்டியருள் தலைசிறந்தவன் சடையவர்மன் பராக்கிரம பாண்டியன். 1422 முதல் 1463 வரை ஆண்டவன். பராக்கிரமன் என்னும் பெயருடைய பாண்டியர் பலர் உளர். கல்வெட்டு ஆய்வாளரைத் திணறச் செய்யும் பெயர்களுள் அதுவும் ஒன்று. இவனைப் பிரித்தறிய உதவுவது ‘அரிகேசரி’ என்னும் முன்னொட்டு. அது புதிதாகப் புனைந்த பெயர் அன்று. ஞானசம்பந்தர் காலத்தில் வாழ்ந்த, நின்றசீர் நெடுமாறன் எனப் போற்றப்படும் ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியனின் பெயர் அது. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் கடந்து, மலையடிவாரத்துச் சிறு நாடொன்றின் அரசன் அப்பெயரைத் தனக்குச் சூட்டிக்கொள்கிறான். சடையவர்மன் என்பதும் பேரரசுப் பாண்டியர் மாறி மாறிச் சூடிய பட்டப்பெயர்களுள் ஒன்றே.

இதனை வெற்றுப் பெருமிதம் என ஒதுக்கிவிடலாமா? பராக்கிரமனின் வெற்றிகளைக் கல்வெட்டுகள் கூறும் இடங்களைப் பார்த்தால் அவன் நாட்டின் அளவு தெரிந்துவிடும். குற்றாலம், சங்கரன்கோயில், முதலைக்குளம் என அவை யாவும் அவன் வீட்டு வாசலில் நிகழ்ந்த போர்கள். ஈழத்துக்கும் நெல்லூருக்கும் படை நடத்திய முன்னோர்க்கும், குற்றாலத்தில் சேரனைத் தடுத்து நிறுத்திய இவனுக்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது. அத்தொலைவை அவனும் அறிந்தே இருந்தான். படையால் மீட்க இயலாததை வேறொன்றால் மீட்க அவன் முற்பட்டான்.

தென்காசிக் கோயில்

1446-இல் அவன் காசி விசுவநாதர் கோயிலை எடுக்கத் தொடங்கினான். வடகாசி செல்லப் புறப்படும் அடியவர் பலர் வழியிலேயே உயிர்நீப்பதாகவும், அவர்க்காகத் தெற்கிலேயே ஒரு காசி வேண்டும் என இறைவன் அரசனின் கனவில் தோன்றிக் கூறியதாகவும், எறும்புகள் ஊர்ந்து சென்ற வரிசையைப் பின்பற்றி இடத்தைக் கண்டறிந்ததாகவும் தலவரலாறு உரைக்கும். கோயிலின் முதன்மைப் பணி பதினேழு ஆண்டுகள் நடைபெற்றது. 1457-இல் கோபுரத்துக்குக் கால்கோள் செய்யப்பட்டது. அது முடிவதற்குள் 1463-இல் பராக்கிரமன் மறைந்தான். தம்பி குலசேகரன் பணியைத் தொடர்ந்தான்.

கோயிலுக்குள் நுழைவோரை முதலில் நிறுத்துவன தூண்களில் ஆளுயரத்துக்கு நிற்கும் சிற்பங்கள். வீரபத்திரர், தாண்டவமாடும் இறைவன், காளி, இரதி, மன்மதன் ஆகியோர் தூணோடு ஒரே கல்லில் வடிக்கப்பட்டுள்ளனர். நாடு சிறுத்தபோது கலை சிறுக்கவில்லை என்பதற்கு இத்தூண்கள் போதிய சான்று.

எனினும், இக்கோயிலின் அரும்பொருள் சிற்பம் அன்று. கல்லில் பொறித்த சில செய்யுள்கள். அரசர் பொறித்த கல்வெட்டுகளில் பெரும்பாலானவை வெற்றியைக் கூறும், கொடையைக் கூறும், அறத்தைக் கெடுப்போர் எய்தும் பாவத்தைக் கூறி அச்சுறுத்தும். கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் சேரும் என்பது நம் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் எச்சரிக்கை. தென்காசிச் செய்யுள்களில் அரசனின் குரல் வேறாக ஒலிக்கிறது. ஒரு செய்யுளில், இவ்வாலயம் தெய்வச் செயலால் அமைந்தது, தன் செயல் அன்று என்கிறான். இதனை மேலும் விரிவாக்கிக் காப்போர்க்கு ஏவல் செய்து பணிவதாகக் கூறுகிறான். மற்றொரு செய்யுளில், எதிர்காலத்தில் இக்கோயிலுக்குப் பழுது நேருமாயின் அதனைச் சீராக்கிக் காப்பவர் யாராக இருப்பினும் அவரை உலகறியப் பணிந்ததாக உரைக்கிறான்.

‘யாராக இருப்பினும்’ என்பது கருதத்தக்கது. தன் மைந்தர், தன் குலத்தார் என அவன் வரையறுக்கவில்லை. முன்னோரின் மதுரை கைமாறியதை அறிந்தவன், தென்காசியும் கைமாறும் என்பதை எதிர்நோக்கியே எழுதியிருக்கிறான். இலக்கணம் பயில்வோர் இன்னொன்றையும் நோக்கலாம். விரிவாக்குவோரைக் குறிக்கும்போது வரும் வினை ‘பணிவன்’, அது எதிர்காலம். பழுது நீக்குவோரைக் குறிக்கும்போது வரும் வினை ‘பணிந்தேன்’; அது இறந்தகாலம். இனி நிகழவேண்டியதைத் துணிவு பற்றி முடிந்ததாகக் கூறும் காலவழுவமைதிக்கு இதனினும் உருக்கமான எடுத்துக்காட்டைக் காண்பது அரிது. பழுது இன்னும் நேரவில்லை. அதை நீக்குவோர் இன்னும் பிறக்கவில்லை. வணக்கம் மட்டும் முன்னரே செலுத்தப்பட்டுவிட்டது.

நைல் நதியின் தென்கோடி

பழைய பேரரசொன்றின் தென் விளிம்பிலிருந்து அதன் பெயர்களையும் கோயில்களையும் கைக்கொண்ட அரசர்கள் உலகில் வேறெங்கும் இருந்தனரா எனத் தேடினால், பார்வை எகிப்துக்குச் செல்லும்.

எகிப்தின் தெற்கே, இன்றைய சூடான் நாட்டின் வடபகுதியில் விளங்கியது நூபியா. அங்கிருந்த அரசு குஷ் எனப்பட்டது. எகிப்தியப் பேரரசு வலிமையுற்றிருந்தபோது நூபியாவைத் தனக்குக் கீழ்ப்படுத்தி, ஜெபல் பார்க்கல் என்னும் தனிமலையின் அடியில் அமுன் கடவுளுக்குக் கோயில் எழுப்பியது. பேரரசு தளர்ந்து எகிப்து பல குறுநிலங்களாகச் சிதறியது. மலையடிக் கோயிலின் வழிபாட்டை நூபியர் தம்முடையதாக்கிக்கொண்டனர். கி.மு. எட்டாம் நூற்றாண்டில் பியே என்னும் குஷ் மன்னன் வடக்கு நோக்கிப் படை நடத்தி எகிப்தியச் சிற்றரசர்களைப் பணியவைத்தான். 1862-இல் ஜெபல் பார்க்கலில் கண்டெடுக்கப்பட்ட அவனது வெற்றிக் கல், தோற்ற மன்னன் ஒருவனின் குதிரைகள் முற்றுகையால் பட்டினி கிடந்ததைக் கண்டு பியே வெகுண்டதை விரித்துரைக்கிறது. மற்றக் குற்றங்கள் அனைத்தினும் அதுவே அவனுக்குப் பெரிதாகப் பட்டதாம்.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கூறிவிட வேண்டும். பாண்டியர் தம் தலைநகரை இழந்து தெற்கே வந்தவர். நூபியரோ தெற்கிலிருந்து சென்று வடக்கை வென்றவர். ஒருவர் வீட்டைவிட்டு வெளியேறியவர். மற்றவர் அவ்வீட்டுக்குள் புதிதாக நுழைந்தவர். ஆனால், உள்ளே நுழைந்தவர் செய்தது வியப்புக்குரியது. எகிப்திய அரசர்களே பிரமிடுக்குள் அடக்கம் செய்யப்படுவதைக் கைவிட்டுப் பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. நூபியர் அவ்வழக்கத்தை மீட்டெடுத்தனர். ஷபாக்கா என்னும் பாரோ தன் முடிசூட்டுப் பெயராக ‘நெஃபர்காரே’ என்பதைத் தேர்ந்தான். அது ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஆண்ட இரண்டாம் பெப்பியின் பெயர். அரிகேசரியை நினைவூட்டும் செயல் இது.

ஷபாக்காவின் பெயரால் வழங்கும் கருங்கல் ஒன்று இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. முன்னோர் நூலொன்று பூச்சியரித்து, தொடக்கமும் முடிவும் தெரியாத நிலையில் இருக்கக் கண்ட மன்னன், அதனைக் கல்லில் புதிதாகப் பொறிக்கச் செய்தான் என்று அக்கல்லே கூறுகிறது. செல்லரித்த ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தோர் வரலாற்றை அறிந்த தமிழர்க்கு இவ்வாசகம் அயலாகத் தோன்றாது. பிற்காலத்தில் யாரோ அக்கல்லை மாவரைக்கப் பயன்படுத்தியமையால் நடுவே எழுத்துகள் தேய்ந்துபோயின. ஏட்டுக்குப் பூச்சி, கல்லுக்குத் திரிகை.

தஹார்கா

நூபியப் பாரோக்களுள் புகழ்மிக்கவன் தஹார்கா. கி.மு. 690 முதல் 664 வரை ஆண்டவன். விவிலியத்திலும் பெயர் சுட்டப்படுபவன். அவனது ஆறாம் ஆட்சியாண்டில் நைலில் பெருவெள்ளம் வந்தது. எகிப்தில் வெள்ளம் அழிவன்று, விளைச்சல். அவ்வெள்ளம் வயல்களை வளமாக்கி எலிகளையும் பாம்புகளையும் ஒழித்து வெட்டுக்கிளிகளைத் தடுத்தது எனக் காவா என்னும் ஊரில் அவன் நாட்டிய கல்வெட்டு மகிழ்கிறது. அதே கல்வெட்டில் ஒரு மகனின் குரலும் கேட்கிறது. இளமையிலேயே தாயைப் பிரிந்து வடக்கே சென்றவன் தஹார்கா. அவன் முடிசூடியதை அறிந்த தாய் அபார், நூபியாவிலிருந்து நெடுந்தூரம் பயணம் செய்து அரியணையில் வீற்றிருந்த மகனைக் கண்டாள். அரசுக் கல்வெட்டுகளில் இத்தகைய செய்தி இடம்பெறுவது அரிது. மற்றொரு கல்வெட்டு, அவன் படைவீரர்கள் மெம்பிசிலிருந்து ஃபயூம் வரை இரவில் பாலைவனத்தினூடே ஓடிப் பயின்றதையும், மன்னனே அவர்களோடு ஓடியதையும் கூறுகிறது.

கர்னாக் பெருங்கோயிலின் முன்முற்றத்தில் தஹார்கா பத்து உயர்ந்த தூண்களைக் கொண்ட மண்டபம் எழுப்பினான். ஆனால், கிழக்கிலிருந்து அசீரியப் பேரரசு எழுந்தது. கி.மு. 671-இல் எசர்ஹத்தோன் மெம்பிசைக் கைப்பற்றி, தஹார்காவின் குடும்பத்தாரைச் சிறைப்பிடித்தான். தஹார்கா தெற்கே விலகினான், மீண்டு வந்தான், மீண்டும் விரட்டப்பட்டான். கி.மு. 664-இல் இறந்தவனை நூபிய மண்ணிலேயே, நூரி என்னுமிடத்தில் பெரிய பிரமிடு ஒன்றன்கீழ் அடக்கம் செய்தனர். அவனோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லுருவங்கள் வைக்கப்பட்டிருந்தன. எகிப்தை இழந்த பின்னும் குஷ் அரசு அழியவில்லை. நப்பாட்டாவிலும் மெரோவேயிலும் கி.பி. நான்காம் நூற்றாண்டு வரை அது நீடித்தது.

நூரியை 1916 முதல் 1918 வரை அகழ்ந்தவர் அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் ரைஸ்னர். கடும் உழைப்பாளி, நுட்பமான பதிவாளர். ஆயினும், இத்தகைய நாகரிகத்தை ஆப்பிரிக்கக் கருநிற மக்கள் தாமே படைத்திருக்க முடியும் என்பதை அவர் ஏற்கவில்லை. இவ்வரச குடும்பத்தினர் லிபியாவிலிருந்து வந்தோராக இருக்கவேண்டும் என எழுதினார். தன் கையால் அகழ்ந்த சான்றுகளையே தன் காலத்து இனப்பாகுபாட்டின் வழியாக அவர் படித்தார். பிந்தைய ஆய்வுகள் அக்கருத்தைக் கைவிட்டன. விளிம்பில் வாழ்ந்தோர் மரபைக் காத்தார்கள் என்பதை மையத்திலிருந்து நோக்குவோர் எளிதில் ஒப்புவதில்லை. அவர்களைப் போலி செய்தோர் என்றோ, எஞ்சிய சிறு துண்டு என்றோ கூறிவிடுவர்.

இறந்தகாலம் எடுத்தவன்

மீண்டும் தென்காசிக்கு வருவோம். பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வேணாட்டரசு பாண்டியர் நிலத்துக்குள் பரவியது. 1532-ஐ ஒட்டி விசயநகர வேந்தன் அச்சுததேவராயனின் படை பொருநைக்கரை வரை வந்து வேணாட்டாரைப் பின்வாங்கச் செய்தது. பாண்டிய இளவரசி ஒருத்தி அச்சுதராயனுக்கு மணம் செய்விக்கப்பட்டாள். 1534-இல் முடிசூடிய சடிலவர்மன் சீவல்லபன் ஒரு பட்டத்தைச் சூடிக்கொண்டான்: ‘இறந்தகாலம் எடுத்தவன்’.

தமிழ்க் கல்வெட்டுகளில் காணும் பட்டங்களுள் இது தனித்து நிற்பது. ஈழம் கொண்டவன், கங்கை கொண்டவன், கடாரம் கொண்டவன் என மன்னர்கள் ஊரையும் நாட்டையும் கொண்டனர். சீவல்லபன் கொண்டதோ காலம். இழந்த நிலத்தை மீட்டதை இப்பட்டம் குறிக்கும் என வரலாற்றாசிரியர் கொள்வர். ஆயினும், அது பிறர் படையின் துணையால் பெற்ற மீட்பு. விசயநகரத்துக்குத் திறை செலுத்தும் நிலையில் பெற்ற மீட்பு. பட்டத்தின் உயரத்துக்கும் ஆட்சியின் உயரத்துக்கும் இடையே இடைவெளி இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

அவ்விடைவெளியை நிரப்பியது தமிழ். 1564-இல் அரியணை ஏறிய அதிவீரராம பாண்டியன் நைடதம், காசிக் காண்டம், கூர்ம புராணம், இலிங்க புராணம் ஆகியவற்றைத் தமிழில் இயற்றினான். வடக்கேயுள்ள காசியைக் கல்லால் தெற்கே கொணர்ந்தான் பராக்கிரமன்; நூற்றாண்டுக்குப் பின் அதன் புராணத்தைத் தமிழால் கொணர்ந்தான் அதிவீரராமன். ‘நைடதம் புலவர்க்கு ஔடதம்’ என்பது இன்றும் வழங்கும் பழமொழி. அவன் உறவினனான வரதுங்கராம பாண்டியனும் கரிவலம்வந்தநல்லூரில் இருந்து தமிழ் பாடியவன். புலவரைப் புரந்த அரசர் பலர் உண்டு. தாமே பெருநூல் இயற்றிய அரசர் சிலரே.

தெரியுமா?
திண்ணைப் பள்ளிகளில் சிறுவர் மனப்பாடம் செய்த ‘வெற்றிவேற்கை’ என்னும் நறுந்தொகை அதிவீரராம பாண்டியன் இயற்றியது. மதுரையை ஆளாத இப்பாண்டியனின் சொற்கள், மதுரையை ஆண்ட பாண்டியர் பலரின் கல்வெட்டுகளைவிட மிகுதியான வாய்களில் வாழ்ந்தன.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பின் தென்காசிப் பாண்டியரின் பெயர் கல்வெட்டுகளில் அருகி மறைகிறது. மதுரை நாயக்கரும் பாளையக்காரரும் அவர்தம் நிலத்தை ஆண்டனர்.

பழுதும் பணியும்

கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தை ஆண்ட இரண்டாம் சாம்திக், நூபியாவின்மீது படையெடுத்ததோடு நில்லாமல், எகிப்தில் இருந்த நூபிய அரசர்களின் பெயர்களைக் கல்லிலிருந்து செதுக்கி நீக்கச் செய்தான். கர்னாக்கில் தஹார்கா நாட்டிய பத்துத் தூண்களில் இன்று ஒன்றே முழு உயரத்துக்கு நிற்கிறது. அதன்மீது தஹார்காவின் பெயர் இருந்த இடத்தில் சாம்திக்கின் பெயர் வெட்டப்பட்டுள்ளது. 2003-இல் சூடானில் கெர்மாவுக்கு அருகில் சுவிட்சர்லாந்து அகழாய்வாளர் சார்லஸ் பொன்னே ஒரு குழியைத் திறந்தபோது, உடைக்கப்பட்ட ஏழு அரசச் சிலைகள் அதில் கிடந்தன. அவற்றுள் தஹார்காவின் சிலையும் ஒன்று. உடைத்தவர் பகைவர், உடைந்த துண்டுகளைத் திரட்டிப் புதைத்துக் காத்தவர் யாரோ பெயர் தெரியாதவர்.

தென்காசிக் கோபுரத்தின் பெயரை ஒருவரும் அழிக்கவில்லை. அதன் உடல் அழிந்தது. மேல்நிலைகள் சிதைந்து, அடிப்பகுதி பிளந்து, நெடுங்காலம் அது மொட்டைக் கோபுரமாகவே நின்றது. ஊரார் அதனை அப்பெயராலேயே அழைத்தனர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இதழியலாளர் சிவந்தி ஆதித்தன் தலைமையில் திருப்பணி நடைபெற்றது. ஒன்பது நிலைகளுடன் சுமார் 180 அடி உயரத்துக்கு எழுந்த புதிய கோபுரத்துக்கு 1990-இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. பொருள் தந்தோரும் கல் சுமந்தோரும் பாண்டியர் மரபினர் அல்லர்; பராக்கிரமன் பெயரைப் பள்ளிப் பாடத்தில் படித்திராதோரும் அவர்களுள் இருந்திருப்பர். 1463-இல் மறைந்தவன், இன்னாரென்று அறியாமல் கல்லில் செலுத்திச் சென்ற வணக்கத்துக்கு உரியோர், 527 ஆண்டுகளுக்குப் பின் வந்து சேர்ந்தனர்.